கஞ்சாவும் அறிவின் மீது விழும் திரையும்

 

ஆரணி, படவேடு வட்டாரத்து இளைஞர்களிடம் கஞ்சாவைப் பற்றிப் பேசினால் ஒரு பதில் வரும். "ஹஜ்ரத், சாராயம் ஹராம், ஒத்துக்கிறேன். இது செடிதானே? அல்லாஹ் படைத்த மூலிகைதானே?" இந்தக் கேள்வியை அதட்டி அடக்கக்கூடாது. அந்தச் செடி உடலுக்குள் போய் என்ன செய்கிறது என்று பார்த்தால் பதில் தானாகக் கிடைக்கும்.

உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று மதுவின் சட்டத்தை விளக்கிய செய்தி புகாரியில் இருக்கிறது. அன்று மது திராட்சை, பேரீச்சை, தேன், கோதுமை, வாற்கோதுமை ஆகிய ஐந்திலிருந்து தயாரானதைச் சொன்னார்கள். அந்த ஐந்தோடு நிறுத்திக்கொள்ளாமல், அறிவை மூடுவது எதுவோ அதுவே 'கம்ர்' என்று அளவுகோல் கொடுத்தார்கள். நம் பெண்கள் தலையை மூடும் 'கிமார்' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். ஆகவே எதிலிருந்து வந்தது என்பதைவிட, எதை மூடுகிறது என்பதே கேள்வி.

கஞ்சாவில் போதை தரும் முக்கியப் பொருள் டி.ஹெச்.சி. இதை 1964-ல் ரஃபேல் மெஷூலமும் அவருடைய சகாவும் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். அது மூளையில் எங்கே போய் உட்காருகிறது என்பது 1988 வரை தெரியவில்லை. பிறகுதான் நரம்புச் செல்களின் மேல் அதற்குப் பொருந்தும் ஏற்பிகள், அதாவது பூட்டுப் போன்ற அமைப்புகள், இருப்பது தெரியவந்தது. கஞ்சாவுக்கென்று மனித மூளையில் பூட்டு எதற்கு? 1992-ல் விடை கிடைத்தது. அந்தப் பூட்டுக்கான சாவியை உடலே தயாரிக்கிறது. கண்டுபிடித்தவர்கள் அதற்கு வைத்த பெயர் 'ஆனந்தமைடு'. நாம் சொல்லும் அதே ஆனந்தம்தான்.

அதன் வேலையைக் கவனியுங்கள். ஒரு நரம்புச் செல் அடுத்த செல்லுக்குச் செய்தி அனுப்புகிறது. செய்தி அதிகமானால், வாங்கும் செல் இந்த வகைப் பொருளைச் சுரந்து பின்னோக்கி அனுப்பி, "போதும், நிறுத்து" என்கிறது. தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் நேரத்தில் மட்டும் சுரக்கிறது. வேலை முடிந்ததும் சீக்கிரமே சிதைக்கப்படுகிறது. அர்ரஹ்மான் அத்தியாயத்தில் அல்லாஹ் தராசை நிறுவியதாகவும், அதில் வரம்பு மீற வேண்டாம் என்றும் சொல்கிறான். அந்த வசனத்தை ஓதும்போது எனக்கு இந்த ஏற்பாடு நினைவுக்கு வரும்.

டி.ஹெச்.சி. இந்தக் கணக்கு எதுவும் தெரியாமல் உள்ளே வருகிறது. எந்தச் செல் "போதும்" என்று கேட்டது என்று பாராமல், பூட்டு இருக்கும் இடமெல்லாம் போய் உட்கார்ந்து மணிக்கணக்கில் நிற்கிறது. தறிக்காரருக்கு இது புரியும். பாவின் இழுவை சரியாக இருந்தால்தான் ஊடை நெருங்கி விழும். இழுவை தெரியாத ஒருவன் வந்து எல்லாவற்றையும் தளர்த்திவிட்டுப் போனால் என்ன ஆகும்?

இந்த ஏற்பிகள் நிறைந்திருக்கும் இடங்களும் அப்படிப்பட்டவை: புதிய செய்தியை நினைவில் பதிக்கும் பகுதி, கை கால் அசைவை ஒழுங்குபடுத்தும் பகுதி, யோசித்து முடிவெடுக்கும் முன்மூளை. அதனால்தான் புகைத்தவனுக்கு ஐந்து நிமிடம் அரை மணி நேரமாகத் தெரிகிறது, சொன்னது மறக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது. மிதிபலகையில் கால், கயிற்றில் கை, மனதில் எத்தனையாவது ஊடை என்ற கணக்கு: பட்டு நெசவுக்கு எது வேண்டுமோ அதிலேயே கை வைக்கிறது. எத்தனை ரக்அத் தொழுதோம் என்ற கணக்கும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

"இதனால் யாரும் செத்ததில்லை" என்பார்கள். மூச்சை நடத்தும் மூளைத்தண்டில் இந்த ஏற்பிகள் மிகக் குறைவு. அதனால் அபினைப் போல மூச்சை நிறுத்துவதில்லை. அது உண்மை, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஸ்வீடனில் ராணுவப் பணிக்கு வந்த சுமார் 45,000 இளைஞர்களைப் பின்தொடர்ந்து, 1987-ல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியவர்களிடம், பயன்படுத்தாதவர்களைவிட மனச்சிதைவு நோய் ஆறு மடங்கு அதிகம். எல்லோருக்கும் வராது. குடும்பத்தில் மனநோய் இருந்தால், சின்ன வயதிலேயே தொடங்கினால், ஆபத்து கூடுகிறது. மூளை இருபத்தைந்து வயதுவரை வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

போதை சில மணி நேரத்தில் தெளியும். பொருள் தெளியாது. டி.ஹெச்.சி. கொழுப்பில் கரைவது, தினமும் புகைப்பவரின் உடலில் வாரக்கணக்கில் தங்கும்.

அதே செடியிலுள்ள சி.பி.டி. போதை தராதது. குழந்தைகளின் கடுமையான சில வலிப்பு நோய்களுக்கு அதிலிருந்து செய்த மருந்தை 2018-ல் அமெரிக்கா அனுமதித்தது. மருத்துவர் அளவிட்டுக் கொடுக்கும் மருந்தின் சட்டம் தனி. பொட்டலத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

மார்க்க அறிஞர்களுக்கு இது புதிய விஷயமும் அல்ல. இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) ஹஷீஷை ஹராம் என்று கடுமையாக எழுதினார்கள். இமாம் ஸர்கஷீ (ரஹ்) இதற்கென்றே ஒரு நூல் எழுதினார்கள். இமாம் கராஃபீ (ரஹ்) இதை 'போதை தருவது' என்பதைவிட 'அறிவைக் கெடுப்பது' என்ற வகையில் வைத்தார்கள். அந்தக் கருத்து வேறுபாடு தண்டனையைப் பற்றியது. ஹராம் என்பதில் அல்ல.

இனி, வீட்டில் பிள்ளை பழகிவிட்டது தெரிந்தும் சம்பந்தம் கெட்டுவிடுமே என்று மறைத்து வைத்திருக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அடித்தோ, அறையில் பூட்டியோ பயனில்லை. நிறுத்திய முதல் வாரத்தில் அவன் எரிந்து விழுவான், தூங்கமாட்டான், சாப்பிடமாட்டான். அது திமிர் அல்ல. வெளியிலிருந்து வந்த பொருளுக்குப் பழகிக் குறைந்துபோன ஏற்பிகள் திரும்ப வளரும் காலம். சுமார் நான்கு வாரத்தில் பெரும்பாலும் பழைய நிலைக்கு வருகின்றன. போலீஸ் பயமும் வேண்டாம். 1985-ம் வருட போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, அடிமையானவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற இடத்திலோ சிகிச்சையை முழுமையாகப் பெற்றால், பயன்படுத்தியதற்கும் சிறிய அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. கூட வர ஆள் இல்லையென்றால் ஜமாஅத்தில் சொல்லுங்கள், நாங்கள் வருகிறோம்.