கணிப்பொறியின் கன்சோல் செய்திகளைப் படிக்கும் முறை

கணிப்பொறி திடீரெனச் செயலற்று நின்றாலும், எழுதிய கோப்பைச் சேமிக்க மறுத்தாலும், நம் அலுவலகங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் முதலில் செய்யப்படுவது ஒன்றே: மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் தொடங்குதல். இதனால் பழுது சில வேளை மறைவதுண்டு. ஆனால், பழுதின் காரணத்தைக் கூறும் சான்றும் உடன் மறைந்துவிடலாம் என்பதைப் பலர் கருதுவதில்லை. அச்சான்றை எங்கே காண்பது என்பதை இங்கு ஆராய்வோம்.

புது தில்லி லோதி ரோட்டில் வானிலைத் துறையின் தலைமையகமான மௌசம் பவன் வளாகத்தில், 1980-களின் இறுதியில் கிரே எக்ஸ்.எம்.பி.-14 என்னும் பெருங்கணிப்பொறி நிறுவப்பட்டது. இத்தகைய பெரும் பொறிகளுக்குக் கன்சோல் எனப்படும் தனி முனையம் உண்டு. பொறி தன் நலக்குறைவை அதன் வாயிலாகவே அறிவிக்கும். காவலிருக்கும் இயக்குநர் அதைப் படித்து ஆவன செய்வார். 'கட்டுப்பாட்டு முனையம்' என இதனைத் தமிழாக்கலாமாயினும், ஊழியர் நாவில் வழங்குவது கன்சோல் என்னும் சொல்லே. ஆதலின் இங்கும் அதுவே ஆளப்படுகிறது. 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் இயக்கமுறையைத் தொடங்கிய காலத்தில் முனையமாக இருந்தது டெலிடைப் என்னும் தட்டச்சுப் பொறியே. செய்தி தாளில் அச்சாகிவிடுமாதலால், பொறி நின்ற பின்னரும் தாளைப் புரட்டிக் காரணத்தை அறிய முடிந்தது.

சித்திரத் திரை வந்தபின் நிலைமை மாறியது. கன்சோல் செய்திகள் திரையிலுள்ள படங்களின்மீது தாறுமாறாக விழுந்து அவற்றைக் கெடுத்தன. அவற்றைத் தனிச் சாளரம் ஒன்றில் காட்டுவதற்கென எக்ஸ்-கன்சோல் என்னும் நிரல் எழுந்தது. 1991-இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸிலும் இவ்வழக்கம் தொடர்ந்தது. பின்வந்த மேசைத்திரைகளோ அழகை முன்னிட்டுச் செய்திகளை அறவே மறைத்துவிட்டன. சென்னை சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட பாஸ் என்னும் லினக்ஸிலும் பயனர் காண்பது மேசைத்திரையையே. செய்திகள் நின்றுவிடவில்லை, கண்ணுக்கு எட்டாத இடத்தில் சேர்ந்துகொண்டே இருக்கின்றன.

அவற்றைக் காண, மேசைத்திரையில் டெர்மினல் சாளரத்தைத் திறந்து, 'சூடோ' என்ற சொல்லை அடித்து, ஓர் இடம் விட்டு, டி, எம், ஈ, எஸ், ஜி என்னும் ஐந்து ஆங்கிலச் சிற்றெழுத்துக்களை அடிக்கவேண்டும். நிர்வாக உரிமையுடையவரின் கடவுச்சொல் கேட்கப்படும். மேலும் ஓர் இடம் விட்டு, சிறு கோடும் பெரிய எழுத்து 'டி'யும் சேர்த்தால் ஒவ்வொரு வரியிலும் நாளும் மணியும் தோன்றும். சேர்க்காவிடின், பொறி தொடங்கியதிலிருந்து கடந்த வினாடிகளே வரியின் முகப்பில் நிற்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. மழையளவு காலை 8.30 மணிக்குக் குறிக்கப்படுவதைக் களப்பணியாளர் அறிவர். எட்டு மணிக்குத் தொடங்கிய கணிப்பொறியில் 1,830 என்னும் எண்ணோடு 'ஐ-ஓ எரர்' என ஒரு வரி காணப்படுகிறது எனக் கொள்வோம். அது 8 மணி 30 நிமிடம் 30 வினாடி. அளவைப் பதிவு செய்யும் தறுவாயிலேயே வட்டைப் படிக்கவோ எழுதவோ முடியாமற் போயிற்று என்பது பொருள். அடுத்து 'ரீட்-ஒன்லி' என வந்தால், மேலும் சேதம் நேராதிருக்க வட்டில் எழுதுவதை இயக்கமுறை தானே தடுத்துவிட்டது. கோப்பு சேமிக்கப்படாததற்குக் காரணம் இதுவே, பணியாளரின் பிழையன்று. வட்டு நலிந்திருக்கலாம், அன்றி அதன் இணைப்புக் கம்பியும் தளர்ந்திருக்கலாம். எதுவாயினும், இந்நிலையில் பொறியைப் பன்முறை நிறுத்தித் தொடங்குவது நலிந்த வட்டை மேலும் வருத்தும். பழைய பதிவுகளை முதலில் வேறிடத்தில் படியெடுக்கவேண்டும். 'அவுட் ஆஃப் மெமரி' என்ற செய்தி இத்துணை அஞ்சத்தக்கதன்று. நினைவகம் போதாமல் ஒரு நிரல் நிறுத்தப்பட்டது என்பதையே அது குறிக்கும்.

மேசைத்திரை முற்றிலும் உறைந்துவிட்டாலும் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்-3 ஆகிய விசைகளை ஒருசேர அழுத்திப் பார்க்கலாம். கரிய எழுத்துத் திரை தோன்றினால், பயனர் பெயரைக் கொடுத்து உட்சென்று முன்சொன்ன கட்டளையை இடலாம். திரும்புவதற்கு எஃப்-1, எஃப்-2, எஃப்-7 ஆகியவற்றுள் ஒன்று உதவும். இது பொறிக்குப் பொறி வேறுபடும்.

இச்செய்திகள் தங்கும் இடம் நினைவகத்தில் ஒரு வளையம் போன்றது. நிறைந்தால் பழையவை அழிந்து புதியவை அமரும். பொறியை நிறுத்தினால் அனைத்தும் போய்விடும். இவற்றை வட்டிலும் எழுதிவைக்கும் ஏற்பாடு பல பொறிகளில் உண்டு. அங்கே 'ஜர்னல்' என்பதோடு சி, டி, எல் எழுத்துக்களை ஒட்டி அடித்து முந்தைய ஓட்டத்தின் செய்திகளைப் பெறலாம். ஆயினும், கெட்டது வட்டே என்றால் அங்கு எழுதப்பட்டிருக்கும் என்ற உறுதி ஏது? ஆகவே, பொறி ஓடும்போதே திரையைக் கைபேசியால் படமெடுத்துக்கொள்வது தக்கது. உதவி கோரி மேலிடத்திற்கு எழுதுகையில் அப்படத்தோடு பொறி தொடங்கப்பட்ட நேரத்தையும், பழுது தோன்றிய நேரத்தையும், அப்போது செய்துகொண்டிருந்த வேலையையும் குறித்தனுப்புக.