பிள்ளையின் உடம்பில் சிவப்பு மச்சமா?



பிள்ளை பிறந்து இரண்டு மூன்று வாரத்தில் கன்னத்திலோ தலையிலோ ஒரு சிவப்புப் புள்ளி தெரிகிறது. அடுத்த மாதம் பார்த்தால் மிளகாய்ப் பழம்போல் சிவந்து தடித்து நிற்கிறது. "கிரகணத்தன்னிக்கு வெளியே போனியா?" என்று பாட்டி அதட்டுவார். "விடு, வளர வளர தானா மறைஞ்சிடும்" என்பார் பக்கத்து வீட்டு அக்கா.

கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தாய்மேல் குற்றமும் இல்லை. அக்கா சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் ஆபத்து.

இதில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை, ரத்தக்குழாய்க் கட்டி. டாக்டர்கள் ஹெமாஞ்சியோமா என்பார்கள். 100 குழந்தைகளில் 4, 5 பேருக்கு வரும். குறைமாதப் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் அதிகம். இது புற்றுநோய் அல்ல. முதல் 3 மாதம் மளமளவென்று வளரும். பெரும்பாலும் 5 மாதத்தில் வளர்ச்சி அடங்கி, பிறகு சில ஆண்டுகளில் மெல்ல வற்றும்.

இரண்டாவது வகை, ரத்தக்குழாய் உருவாகும்போதே ஏற்பட்ட பிறவிக் குறை. பிள்ளையோடு சேர்ந்து வளரும், தானாக மறையாது.

எப்போது காத்திருக்கக் கூடாது? கட்டி கண், மூக்கு, உதடு, தாடை, கழுத்து, இடுப்புக்குக் கீழே இருந்தால், புண்ணானால், உடம்பில் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால். கண்ணை மறைத்தால் பார்வை கெடும். தொண்டைக்குள் இருந்தால் மூச்சு அடைக்கும். மூச்சு இரைந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மருந்து இருக்கிறதா? இருக்கிறது. 2008-இல் வெளிவந்த அறிக்கையின்படி, பிரான்சின் போர்தோ நகரில், மூக்கில் கட்டியிருந்த ஒரு குழந்தைக்கு இருதயக் கோளாறுக்காக புரோப்ரனலோல் கொடுத்தார்கள். மறுநாளே கட்டியின் நிறம் மாறியது! 2015-இல் வெளிவந்த 460 குழந்தைகளின் ஆய்வில், 6 மாதம் இம்மருந்து உண்டவர்களில் 100-க்கு 60 பேருக்குக் கட்டி முழுதாகவோ ஏறக்குறைய முழுதாகவோ மறைந்தது. மருந்தில்லாத வெறும் சிரப் குடித்தவர்களில் 100-க்கு 4 பேருக்குத்தான் அப்படி.

ஆனால் கவனம்! தாத்தாவின் பிரஷர் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துவிடாதீர்கள். அளவை டாக்டர்தான் எடை பார்த்துச் சொல்ல வேண்டும். பால் குடித்த கையோடு கொடுங்கள். பிள்ளை பால் குடிக்காவிட்டால், வாந்தி எடுத்தால், அந்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள். இல்லாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். இளைப்பு உள்ள பிள்ளை என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிறவிக் குறைக்கு இம்மருந்து பயன்படாது. தட்டையான செந்நிறத் திட்டுக்கு லேசர். வீங்கிய ரத்தக்குழாய்க்குச் சுருங்கவைக்கும் ஊசி. நெற்றியிலும் கண்ணிமையிலும் அடர்ந்த செந்திட்டு இருந்தால் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும். வலிப்பு வருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சுண்ணாம்பு, சாம்பல், சூடு எதுவும் வைக்காதீர்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்; நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள்.

மச்சம் முதலில் தெரிந்த தேதியைக் குறித்து வையுங்கள். வாரம் ஒருமுறை கைப்பேசியில் படம் பிடியுங்கள். பிள்ளைக்கு ஒரு மாதம் ஆகும்போதே தாய் சேய் கிளினிக்கில் காட்டிவிடுங்கள். காத்திருக்கலாமா கூடாதா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.