160ஆம் எண் பேருந்துக்கு முந்தைய ஏழு நாள்

ஜூரோங் டவுன்ஹால் பேருந்து நிலையத்தில் 160ஆம் எண் பேருந்தில் ஏறினால் ஜொகூர் பாரு. அங்கிருந்து 2024இல் ரயிலில் கிம்மாஸ், வண்டி மாறிப் பாடாங் பெசார், எல்லை தாண்டி ஹட்யாய், அப்புறம் பேங்காக். 2024 ஜூலையிலிருந்து பேங்காக்கிலிருந்து லாவோஸின் வியந்தியேனுக்கு நேரடி ரயில் ஓடுகிறது. வியந்தியேனிலிருந்து சீனாவின் குன்மிங் 1,035 கிலோமீட்டர். அதற்கும் ரயில் வந்துவிட்டது. விமானமே ஏறாமல், வீட்டுப் பக்கத்துப் பேருந்தைப் பிடித்து யுன்னான் மலைக்குப் போய்விடலாம் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. வேலையை விட்ட கையோடு, ஐம்பத்திரண்டு வயதில், 2024 நவம்பரில் ஒரு தோழியோடு கிளம்பினேன். மூன்றரை மாதம்.

பார்த்த இடங்களைப் பற்றி இன்னொரு நாள் எழுதலாம். கிளம்புவதற்கு முந்தைய வாரத்தைப் பற்றித்தான் இப்போது சொல்ல வேண்டும். அந்த வாரத்தில் பாதியைக் கடைகளில் தொலைத்தேன்.

முதல் நான்கு நாள் ஐஎம்எம் கட்டடத்துக்கும் முஸ்தஃபாவுக்கும் அலைந்தேன். சோப்பு, கொடிக்கயிறு, கிளிப், பூட்டு, மடக்கும் தம்ளர், சின்னச் சின்னக் குப்பிகள். பேங்காக்கில் யாரும் குளிப்பதே இல்லை என்பதுபோல வாங்கிக் குவித்தேன். முதுகுப்பை வாய் மூட மறுத்தது. வீட்டிலோ எடை பார்க்க ஒன்றும் இல்லை.

அன்றைக்கென்று கீழே காராங் குனிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார். பழைய செய்தித்தாளை நிறுக்கும் கொக்கித் தராசு அவரிடம் இருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு போய், கொஞ்சம் நிறுத்துத் தாருங்கள் என்றேன். மாட்டினார். முள் பன்னிரண்டைத் தாண்டி நின்றது. மலாயும் ஹொக்கியனும் கலந்து, "இதையும் விக்கிறியா?" என்று கேட்டார். சிரித்தேன். ஆனால் அவர் சொன்னதில் பாதியை அன்றே செய்திருக்கலாம்.

மறுநாள் காலை அதே பையை மாட்டிக்கொண்டு லேக்சைட் எம்ஆர்டியிலிருந்து ஏரியோரமாகச் சீனத் தோட்டம் வரை நடந்தேன். பழுதுபார்ப்புக்காக மூடிக் கிடந்த தோட்டத்தை அப்போதுதான், செப்டம்பரில், திறந்திருந்தார்கள். மெதுவோட்டக்காரர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பாதித் தூரத்திலேயே வலது தோள்பட்டை மரத்தது. வாரை இறுக்கியபோதுதான் பையின் கனம் இடுப்புப் பட்டையில் இறங்க வேண்டும், தோளில் அல்ல என்பது புரிந்தது. வீட்டுக் கண்ணாடி முன்னால் மாட்டிப் பார்த்தால் இது தெரியாது. குறைந்தது ஒரு மணி நேரமாவது, வேர்க்க வேர்க்க நடந்து பாருங்கள். திரும்பி வந்து எடுத்துப் போட்டதில் எட்டுக் கிலோவாகக் குறைந்தது. கழிக்காமல் வைத்துக்கொண்டவை இட்லிப் பொடியும் ரப்பர் செருப்பும்.

வாங்கியதில் உருப்படியானது ஒன்றே ஒன்று, அதுவும் கடைப்பொருள் இல்லை. தேக்கா நிலையத்தின் மாடியில் துணிக்கடைகளுக்கு நடுவே தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் ஒரு அண்ணனிடம் இரண்டு கால்சட்டைகளைக் கொடுத்து, உட்பக்கம் ஒரு பை வைக்கச் சொன்னேன்.

"எதுக்கும்மா, காசுக்கா?"

"கடப்பிதழுக்கு, அண்ணே."

"அப்ப இடுப்புக்கிட்ட வேணாம். குனிஞ்சா குத்தும். உக்காந்தா மடங்கும்." தொடைக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டார். ஜிப் வேண்டாம், துருப்பிடிக்கும் என்று பட்டன் வைத்தார். வேர்வை ஊறாமலிருக்கக் கடப்பிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்கச் சொன்னதும் அவர்தான். மூன்றரை மாதமும் அந்தப் பை இருந்த இடமே எனக்கு மறந்திருந்தது. பை நன்றாக அமைந்ததற்கு அதைவிட வேறென்ன சான்று.

இப்படித் துணியும் குப்பியுமாக ஆடிக்கொண்டிருந்த நேரத்தில் கைப்பேசியை மறந்துவிட்டேன்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் பழைய கைப்பேசியின் திரை விரிசல் விட்டது. சரி என்று புதிது வாங்கினேன். இரவு எட்டு மணிக்கு வங்கிச் செயலியை அதில் ஏற்றினால், மின்னிலக்க அடையாள வில்லை உயிர்பெறப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும் என்றது. வங்கியைக் குறை சொல்ல முடியாது. மோசடிகள் பெருகிய பின், 2022இல், எல்லா வங்கிகளுக்கும் வந்த ஏற்பாடு அது. ஆனால் என் பேருந்து விடியற்காலை. அட்டையை வெளிநாட்டுப் பயன்பாட்டுக்குத் திறந்துவிடும் வேலையையும் அந்த ராத்திரிக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தேன்.

பலருக்கு இது தெரிவதில்லை. 2011 அக்டோபரிலிருந்து நம் வங்கி அட்டைகளின் காந்தப்பட்டை வெளிநாட்டில் பணம் எடுக்க முடியாதபடி மூடியே இருக்கும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று சொல்லி நாமேதான் திறக்க வேண்டும். ஜொகூர் பாருவில் இயந்திரம் என் அட்டையைத் துப்பியது. தோழியின் காசில் நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு, கிம்மாஸ் போகும் ரயிலில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அலைவரிசை வரும்போதெல்லாம் திரையைத் தட்டிக்கொண்டிருந்தேன். கிம்மாஸ் நடைமேடையில் ஒருவழியாகத் திறந்தது.

அதனால் இப்போது கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வது: கடைசி வாரத்தில் கடைக்குப் போகாதீர்கள். சிங்கப்பூர் எண்ணுக்குக் குறுஞ்செய்தி வந்தால்தான் முடியும் என்கிற வேலைகளை ஒவ்வொன்றாக யோசித்து, வீட்டில் உட்கார்ந்து முடியுங்கள். சீனாவில் பெட்டிக்கடையில்கூடக் கைப்பேசியில்தான் காசு. அலிபேயில் நம் அட்டையை இணைத்து, கடப்பிதழைக் காட்டிச் சரிபார்ப்பதை ஜூரோங்கிலேயே செய்துவிட்டால் ஐந்து நிமிடம். அங்கே போய்ச் செய்தால் ஒரு நாள். அங்கே வாட்ஸ்அப் ஓடாது என்று பயமுறுத்துவார்கள். உள்ளூர் சிம்மில் ஓடாதுதான், வெளிநாட்டு ரோமிங்கில் ஓடும். அம்மா தினமும் கூப்பிடுவார் என்றால் அதைக் கணக்கில் வைத்துச் சிம் வாங்குங்கள். முன்கட்டண எண் வைத்திருப்பவர்கள் அது காலாவதியாகும் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். எண் போய்விட்டால் அதோடு சேர்ந்து எல்லாமே போய்விடும்.

தோழி நிரந்தரவாசி, இந்தியக் கடப்பிதழ். 2024 பிப்ரவரியிலிருந்து சிங்கப்பூர்க் குடிமக்களுக்குச் சீனாவில் 30 நாள் விசா வேண்டாம். அவள் விசாவுக்கு முன்பே அலைந்து முடித்திருந்தாள். ஆனால் கடைசி வாரத்தில் ஒரு மாலை, கோப்பிக்கடையில் தே ஹாலியா குடித்துக்கொண்டே தாள்களைப் புரட்டியபோது, அவளுடைய மறுநுழைவு அனுமதி ஜனவரியில் முடிவதைப் பார்த்தோம். நாங்கள் வியட்நாமில் இருக்கும் நேரம். நிரந்தரவாசி வெளியே இருக்கும்போது அது காலாவதியானால் அந்தத் தகுதிக்கே ஆபத்து. தேநீர் ஆறிப்போனது. அன்றிரவே இணையத்தில் விண்ணப்பித்தாள். கடப்பிதழில் ஆறு மாதம் இருக்கிறதா என்று எல்லோரும் பார்க்கிறோம், இதை யாரும் பார்ப்பதில்லை. இப்போது கிளம்புபவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: 2025 மே முதல் தாய்லாந்துக்கு நுழைய, முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும்.

மருந்து விஷயம் கடைசி வாரத்துக்கு உரியதே அல்ல. டைஃபாய்டு ஊசி போட்டு இரண்டு வாரமாவது ஆக வேண்டும். நாய்க்கடிக்கான முன்தடுப்பு ஒரே நாளில் முடியாது. எனக்கு ரத்த அழுத்தம். பலதுறை மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டு மூன்றரை மாத மாத்திரையும், மருந்தின் பொதுப்பெயர் எழுதிய கடிதமும் வாங்கிக்கொண்டேன். கொசுவுக்கு ஸ்பிரே வேண்டாம், பூசும் களிம்பு போதும். லாவோஸ்–சீன ரயில் நிலையங்களில் பையைச் சோதித்து ஸ்பிரே டப்பாவையும் கத்தியையும் எடுத்துவிடுகிறார்கள்.

கொசு என்றதும் வீடு. வீவக வீட்டைப் பல வாரம் பூட்டிவிட்டுப் போகிறவர்களுக்குத் தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்வது: கழிவறைப் பீங்கானை மூடு, தரையில் உள்ள வடிகால் வாய்களை மூடு. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஒரு வாரம் போதும். நான் சமையலறைச் சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். எங்களுடையது பழைய புளோக். துணி காயப்போடும் கழிகளைச் செருகும் குழல்கள் வரிசையாக வாய் பிளந்து நின்றன. ஒன்றில் டார்ச் அடித்தால் அடியில் மழைத்தண்ணீர் மினுங்கியது. பழந்துணியைக் குச்சியில் சுற்றி ஒற்றி எடுத்து, ஐந்துக்கும் மூடி போட்டேன். முக்கால் மணி நேரம். அந்த வாரத்தில் செய்த வேலைகளிலேயே இதில்தான் மனம் நிறைந்தது.

கறிவேப்பிலைத் தொட்டியை அடித்தட்டோடு பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் கொடுத்தேன். சாவியையும் கொடுத்தேன், வாரம் ஒருமுறை குழாய் திறந்து விடுவதற்கு. ஃபிரிட்ஜைக் காலி செய்து பிளக்கைப் பிடுங்கி, கதவை நன்றாகச் சாத்திவிட்டு, தன்னம்பிக்கையோடு கிளம்பினேன்.

மார்ச்சில் திரும்பி வந்தபோது கறிவேப்பிலை ஒரு முழம் வளர்ந்திருந்தது. மக்சிக் அவ்வப்போது பறித்து மீன்தலைக் கறிக்குப் போட்டுக்கொண்டதாகச் சொன்னார். ஃபிரிட்ஜைத் திறந்தேன். உள்ளே பச்சையாக, பஞ்சுபோல, மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை பூஞ்சை. பிளக்கைப் பிடுங்கினால் கதவைத் திறந்து வைக்க வேண்டுமாம். மக்சிக் வாசலில் நின்றபடியே சொன்னார்.