இலவசமாகக் கொடுத்தாலும் குற்றமா?

கேள்வி: பள்ளியில் ஆடிய பழைய கல்விக் கணினி விளையாட்டுகளை ரசிகர்கள் புதிதாக உருவாக்கி இலவசமாகத் தருகிறார்கள். காசே வாங்காதபோது, அதை நீக்கச் சொல்ல நிறுவனத்துக்கு உரிமை உண்டா?

பதில்: உண்டு. 2016இல் ரசிகர் ஒருவர் பல ஆண்டுகள் உழைத்து வெளியிட்ட 'மெட்ராய்டு 2' விளையாட்டின் மறு உருவாக்கமும் இலவசம்தான். வெளியான கையோடு, மூல விளையாட்டின் உரிமையாளரான நின்டெண்டோ நோட்டீஸ் அனுப்பி அதை நீக்க வைத்தது.

அனுமதி பெறாமல் எடுத்தாலும் சட்டம் ஏற்கும் 'நியாயமான பயன்பாடா' என்று முடிவுசெய்ய, அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு நான்கு கேள்விகளை எழுப்புகிறது: எதற்காக எடுத்தார்கள், மூலப்படைப்பு எத்தகையது, எவ்வளவு எடுத்தார்கள், அசலின் விற்பனை அடிபடுமா? 'கல்விக்காக' என்ற பதில் முதல் கேள்விக்குத்தான் கைகொடுக்கும். மொத்தத்தையும் அள்ளியிருந்தால் மூன்றாவதில் மாட்டிக்கொள்வார்கள்.

ஆட்ட விதிகளுக்குப் பதிப்புரிமை இல்லை. 'ஆரிகன் டிரெயில்' என்ற பழைய கல்வி விளையாட்டைப் போல, வண்டி கட்டி மேற்கே போகும் குடும்பம், வழியில் தீரும் உணவு, வரும் நோய் என்று யாரும் விளையாட்டு அமைக்கலாம். படம், இசை, வசனம், நிரல் எல்லாம் சொந்தமாக இருக்க வேண்டும். தோற்றமும் ஒத்திருக்கக் கூடாது. 2012இல் டெட்ரிஸ் வழக்கில், அதைப் போலவே விளையாட்டு செய்த எக்ஸியோ நிறுவனம் தோற்றது அதனால்தான். காய்களின் வடிவம், 10க்கு 20 கட்டப் பலகை வரை அச்சு அசல்!

தவறான நோட்டீஸ் என்றால், விளையாட்டை நீக்கிய தளத்துக்கு எதிர் அறிவிப்பு அனுப்பலாம். உரிமையாளர் வழக்குப் போடாவிட்டால், 10 முதல் 14 வேலை நாட்களில் விளையாட்டு மீண்டும் தளத்துக்கு வரும். அனுப்புமுன் வக்கீலைப் பார்த்துவிடுவது நல்லது. எதிர் அறிவிப்பில் பொய் சொன்னால் தண்டனை உண்டு.