இரண்டரை வெள்ளிப் பாக்கெட்: வியாபாரிகளுக்கு ஒரு பாடம்



சர்க்கார் ஒரு பொருளுக்கு விலை வைத்தால் ஜனங்களின் நடத்தை எவ்வாறு மாறுகிறது என்பதை அறியப் பெரிய கிதாபுகளைப் புரட்ட வேண்டியதில்லை. நெகிரி செம்பிலான் தோட்டத்துப் பக்கம் கடை வைத்திருக்கும் நம்மவர் எவரும் கல்லாவில் இருந்தபடியே படித்துக்கொள்ளலாம்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1950இல் கொரியா யுத்தம் மூண்டதும் ரப்பர் விலை ஏறிற்று. 1951 தொடக்கத்தில் ஒரு ராத்தல் இரண்டு வெள்ளியைத் தாண்டிற்று. அக்காலத்தில் தோட்டக் கூலியும் ரப்பர் விலையோடு பிணைந்திருந்தது. விலை ஏறிய மாதம் பட்டுத்துணி கேட்டு வந்த அதே குடும்பம், விலை இறங்கிய மாதம் அரிசிக்குக் கடன் சொல்லுமாம். நம் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறோம். எங்கோ நடந்த சண்டைக்கு இங்கே லயத்தில் கல்யாணத் தேதி முன்னும் பின்னும் ஆடிற்று. பிறகு, 1960களிலிருந்து, பால்மரம் குறைந்து செம்பனை பெருகிற்று.

நிற்க. எண்ணெய்க்கு வருவோம்.

2016 நவம்பர் முதல் தேதி போத்தல் எண்ணெய்க்கான உதவித்தொகையைச் சர்க்கார் எடுத்துவிட்டது. ஒரு கிலோ பாக்கெட்டுக்கு மட்டும் விட்டுவைத்தது. பாக்கெட் 2 வெள்ளி 50 காசு. அதுவும் வீட்டுச் சமையலுக்குத்தான். சாப்பாட்டுக் கடைக்கு ஆகாது. 2022 மார்ச்சில் கச்சாச் செம்பனை எண்ணெய் டன் 7,000 வெள்ளியைத் தாண்டிற்று. ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்திற்று. ஜூலையில் நம் சர்க்கார் ஐந்து கிலோ போத்தலுக்கு உச்ச விலை 34 வெள்ளி 70 காசு என்று வைத்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். போத்தலில் கிலோ 6 வெள்ளி 94 காசு. பாக்கெட்டில் 2 வெள்ளி 50 காசு. வித்தியாசம் 4 வெள்ளி 44 காசு.

இந்த 4 வெள்ளி 44 காசு செய்த வேலைகளைச் சொல்கிறோம். அதுவரை போத்தலே வாங்கிவந்த வாத்தியார் வீட்டம்மா பாக்கெட் கேட்டார். பலகாரம் சுட்டு விற்பவர் தம் மூன்று பிள்ளைகளையும் தனித்தனியே கடைக்கு அனுப்பினார். ஒருவரும் கெட்டவர் அல்லர். விலை அப்படி நடக்கச் சொல்லிற்று, நடந்தார்கள். நமக்குச் சரக்குப் போடும் மொத்த வியாபாரி ஒருவரோ, வேறு சாமான்களும் எடுத்தால்தான் பாக்கெட் என்றார். விற்காத பிஸ்கோத்து நம் கடையில் மூன்று மாதம் தூங்கிற்று. பாக்கெட்டில் நமக்கு மிஞ்சுவதோ சில்லறைக் காசு.

இதில் வேடிக்கை ஒன்று. காலையெல்லாம் செம்பனைக் குலை வெட்டிய மனிதர் மாலையில் அதே எண்ணெய் தேடி நம் வாசலில் நிற்கிறார். 2022 மே முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளி ஆயிற்று என்ற சந்தோஷம் அவருக்கு இருந்தது. ஆனால் ஐந்து கிலோ போத்தல் ஒன்று வாங்கினால், பாக்கெட்டைக் காட்டிலும் 22 வெள்ளி 20 காசு அதிகம் போயிற்றே!

இனி நம் தவறு. அந்த நாட்களில் பாக்கெட் வந்தால் பாதியை மேசைக்கு அடியில் வைத்தோம். பற்றுக் கணக்கு உள்ள வாடிக்கைக்காரர்களுக்கென்று ஒதுக்குவதாக நினைத்துக்கொண்டோம். ஒரு நாள், கைக்குழந்தையோடு வந்த தோட்டத்துப் பெண்ணொருவரிடம் "முடிந்துவிட்டதம்மா" என்றோம். அவர் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை, போய்விட்டார்.

மதீனாவில் விலை ஏறியபோது மக்கள் விலை நிர்ணயிக்கக் கேட்டும் நபி (ஸல்) அவர்கள் இணங்கவில்லை என்றும், பதுக்குவதை மட்டும் பாவம் என்றார்கள் என்றும் மதரஸாவில் ஓதியிருக்கிறோம். இந்நாட்டில் 1961ஆம் ஆண்டின் பொருள் கட்டுப்பாட்டுச் சட்டமும் இருக்கிறது. இலாபத்துக்காக அல்ல, வாடிக்கைக்காக ஒதுக்கினோம் என்று நம் மனத்துக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தோம். மேசைக்கு வெளியே நின்றவருக்கு இரண்டும் ஒன்றுதானே?

அடுத்த தடவை சரக்கு வந்ததும் எல்லாப் பாக்கெட்டையும் மேசை மேலேயே அடுக்கினோம். வீட்டுக்கு ஒன்று, தீர்ந்தால் தீர்ந்தது. நெடுநாள் வாடிக்கைக்காரர் இருவர் கோபித்துக்கொண்டு, பற்றைத் தீர்த்துவிட்டு வேறு கடைக்குப் போனார்கள். ஒருவர் மட்டும் நோன்பு மாதத்தில் திரும்பி வந்தார்.