கடை வாடகைக்கு ஜாமீன்: கையெழுத்துக்கு முன் பேச வேண்டியவை

பிரைவேட் லிமிடெட் கம்பெனி பெயரில் கடை எடுத்தால், கட்டட உரிமையாளர் இயக்குநரின் சொந்த ஜாமீனையும் கேட்பார். புதுக் கம்பெனியிடம் சொத்தே இருக்காது. அவர் கேட்பதில் தப்பில்லை. ஆனால் அவருடைய வக்கீல் எழுதிய வாசகத்தை அப்படியே ஏற்றால், கம்பெனி நொடித்த பிறகு வழக்கு இயக்குநரின் வீடுவரை வரும்.

வாடகைதாரருக்காகப் பேசப் போகிறவர் முதலில் படிக்க வேண்டியது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு. கடனாளியின் பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை. பேரத்துக்கு இடம் தருவது அந்தக் கடைசிச் சொற்கள்தான்.

உச்சவரம்பில் தொடங்குங்கள். மாதம் 60,000 ரூபாய் என்றால் ஐந்தாண்டு வாடகை 36 லட்சம்; ஆண்டு உயர்வும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் தனி. ஜாமீனை ஆறு மாத வாடகைக்குள், அதாவது 3,60,000 ரூபாய்க்குள் கேளுங்கள். வரி, பராமரிப்பு, வட்டி, வழக்குச் செலவு எல்லாம் இதற்குள் அடக்கம் என்று எழுதாவிட்டால் வரம்பு பெயரளவில்தான். இடையில் காலி செய்ய முடியாத லாக்-இன் காலத்துக்கு மட்டும் ஜாமீன் என்றும் கேட்கலாம். தவணை தவறாத வாடகைதாரருக்குப் பலர் இறங்கி வருவார்கள்.

அடுத்தது வரிசை. கடனாளியை விட்டுவிட்டு ஜாமீன்தாரர் மீதே நேராக வழக்குப் போடலாம் என்று பாங்க் ஆஃப் பீகார் - தாமோதர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் அட்வான்ஸை முதலில் கழிக்க வேண்டும், பாக்கி விழுந்த 15 நாளுக்குள் ஜாமீன்தாரருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று சேருங்கள்.

இயக்குநர் கம்பெனியை விட்டுப் போனால்? ராஜினாமா செய்தாலும் ஜாமீன் அவரை விடாது. தொடர் ஜாமீனை வருங்காலத்துக்கு ரத்து செய்ய 130ஆம் பிரிவு இடம் தருகிறது. நிலையான காலக் குத்தகைக்கு அது பொருந்துமா என்பதே வாதத்துக்குரியது. மாற்று ஜாமீன்தாரர் வந்தால் பழையவர் விடுவிக்கப்படுவார், சாவியை ஒப்படைத்த நாளுக்குப் பிந்தைய வாடகைக்கும் புதுப்பிப்புக்கும் பொறுப்பில்லை என்று நேரடியாக எழுதி வாங்குங்கள்.

பலர் படிக்காமல் தாண்டும் வரி ஒன்று உண்டு: “133, 134, 135, 139, 141 பிரிவுகளின்கீழ் உள்ள உரிமைகளை ஜாமீன்தாரர் கைவிடுகிறார்.” ஜாமீன்தாரரைக் கேட்காமல் நிபந்தனையை மாற்றினால், மாற்றத்துக்குப் பிந்தைய பொறுப்பிலிருந்து அவரை விடுவிப்பது 133. மற்றவற்றில் விட்டுக்கொடுத்தாலும், இதை விட வேண்டாம்.

உரிமையாளர் மசியாவிட்டால் ஒரு மாத அட்வான்ஸ் கூடுதலாகவோ, வங்கி உத்தரவாதமோ கொடுத்துப் பாருங்கள். ஒப்புக்கொண்டது வாட்ஸ்அப்பில் நின்றுவிடக் கூடாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு கட்டாயம் என்பதால், பதிவாகும் அதே பத்திரத்தில் இந்த வரம்புகளும் ஏற வேண்டும்.