பந்தய மோட்டார் சைக்கிளும் கணினிப் போன்மையும்

மாணவர்களே, 2023 இல் இத்தாலியின் முஜெல்லோ ஓடுபாதையில் பிராட் பைண்டர் மணிக்கு 366.1 கி.மீ. கதியை எட்டினார். கதி இருமடங்காகும்போது காற்றுத்தடை அண்ணளவாக 4 மடங்காகும். அதனை எதிர்க்கத் தேவையான வலு 8 மடங்காகும். ஆகவே எஞ்சின் மட்டும் போதாது, வடிவமும் முக்கியம்.

முன்புறச் சிறகு, ஆர்முடுகலின்போது முன்சில்லு மேலெழுவதைக் குறைக்கும். ஆனால் காற்றுத்தடையைக் கூட்டும். ஒவ்வொரு சிறகையும் செய்து ஓட்டிப் பார்த்தால் செலவும் ஆபத்தும் அதிகம். எனவே திணிவு, உராய்வு, காற்றுத்தடை ஆகியவற்றைச் சமன்பாடுகளாகக் கணினிக்கு வழங்கி, ஒரு சுற்றுக்கான நேரத்தைக் கணிப்பர். இதுவே போன்மை.

கவனிக்க: பிழையான தரவு பிழையான விடையையே தரும். ஆகவே ஓடுபாதை அளவீடுகளுடன் ஒப்பிட்டுத் திருத்துவர். பரீட்சையில் “போன்மை இருந்தால் பரிசோதனை தேவையில்லை” என எழுதாதீர்கள். “பரிசோதனைகளின் எண்ணிக்கையைக் குறைக்கும்” என எழுதுங்கள்.